தூத்துக்குடி: கடிகாரம் பார்த்துச் சாப்பிட வேண்டிய ஊர்

தூத்துக்குடிக்குப் போய்விட்டு "அப்படி ஒன்றும் இல்லையே" என்று திரும்புகிறவர்களிடம், எத்தனை மணிக்கு இறங்கினீர்கள், எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். காலை பத்து மணிக்கு வந்து மாலை ஆறு மணிக்குப் பேருந்து ஏறியிருப்பார்கள். அந்த எட்டு மணி நேரத்தில் இங்கே உருப்படியாகக் கிடைப்பது மத்தியான மீன் சாப்பாடு ஒன்றுதான். பதநீர் அதற்கு முன்பே தீர்ந்திருக்கும். உப்பளத்தில் விடியுமுன் இறங்கியவர்கள் கரையேறியிருப்பார்கள். விசைப்படகுகள் கடலில் இருக்கும். பரோட்டாக் கல் இன்னும் சூடாகியிருக்காது. அதனால் இந்த மதிப்பீட்டைக் கடை வரிசையில் எழுதாமல் நேர வரிசையில் எழுத வேண்டியிருக்கிறது. நேரம் பார்த்துப் போனால் தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களில் சாப்பாட்டுக்கு முதல் வரிசையில் வைக்கத் தகுந்த ஊர் இது. நேரம் தவறினால் வெயிலும் லாரிப் புழுதியும்தான் மிஞ்சும்.

எந்த ஓட்டல் என்று தேடுவதற்கு முன் எந்தக் கிழமை என்று முடிவு செய்யுங்கள். இங்குள்ள மீனவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. ஆகவே ஞாயிறு இரவும் திங்கள் காலையும் சந்தையில் இருப்பது பெரும்பாலும் ஐஸில் கிடந்த மீன். அதற்கு நேர்மாறாக, ஊரின் மீனவர் பகுதியான தெரேஸ்புரத்தில் இருந்து ஆழ்கடலுக்குப் போய்த் தங்கி மீன்பிடிக்கும் நாட்டுப்படகுகள் சனிக்கிழமைக்குள் கரை சேர்ந்துவிடும். வாரத்திலேயே அன்றுதான் அங்கே மீன் குவியும். சனிக்கிழமை காலை இறங்கி ஞாயிறு இரவு கிளம்புவது சரியான கணக்கு.

மாதக் கணக்கும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரை முழுவதும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் வரும், ஆனால் விலை ஏறிவிடும், வகை குறைந்துவிடும். அதே நேரத்தில்தான் பதநீரும் நுங்கும் உச்சத்தில் இருக்கும். இரண்டையும் ஒருசேரப் பிடிக்க வேண்டுமானால் பிப்ரவரி கடைசியில் இருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை போங்கள். பதநீர் இறங்கத் தொடங்கியிருக்கும், உப்பு வாரத் தொடங்கியிருப்பார்கள், வெயிலும் இன்னும் பொறுக்கும்படி இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பரில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.-க்கு மேல் கொட்டியது இந்தக் கரையில்தான். அந்த மாதங்களில் போனால் உப்பளம் வெறும் தண்ணீராகத்தான் கிடக்கும்.

சென்னையில் இருந்து வருகிறவர்களுக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ் போதும். இரவில் ஏறினால் காலையில் ஊர் வந்துவிடும், முதல் வேளையும் வீணாகாது. விழிப்பு வந்தால் வாஞ்சி மணியாச்சி சந்திப்பில் வெளியே பாருங்கள். 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்ட நிலையம் அது. அங்கிருந்து தூத்துக்குடிக்குப் பிரியும் பாதை 1876-ல் போடப்பட்டது. தனுஷ்கோடி வழி 1914-ல் திறக்கும் வரை, கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடி வரை ரயிலில் வந்து இங்கேதான் கப்பல் ஏறினார்கள். அதனால்தான் ரயில் நிலையமும் பழைய துறைமுகமும் பீச் ரோடும் பனிமய மாதா ஆலயமும் ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே இருக்கின்றன. அறையை இந்தப் பழைய ஊருக்குள் எடுங்கள். பாளையங்கோட்டை ரோட்டில் புதிய, வசதியான ஓட்டல்கள் உண்டு. ஆனால் விடியற்காலையும் பின்னிரவும் வெளியே போகிறவருக்கு ஆட்டோவிலேயே பாதி நேரம் போய்விடும்.

முதல் வேலை பதநீர். திருச்செந்தூர் ரோட்டிலும் ஊரின் ஓரங்களிலும் சைக்கிளிலோ பைக்கிலோ குடம் கட்டி வந்து நிற்பார்கள். பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்கள். அந்தச் சுண்ணாம்புதான் சாறு புளிக்காமல் தடுக்கிறது. தடவியது குறைந்தால் கள்ளின் வாடை வந்துவிடும். கூடினால் நாக்கில் காரலாக நிற்கும், குடித்த பின் தொண்டை வறளும். நல்ல பதநீர் லேசாகக் கலங்கி, இளநீரைவிடக் கனமாக, பனை வாசனையோடு இருக்கும். வெயில் ஏற ஏற அதன் சுவை மாறும். எட்டு மணிக்குள் குடியுங்கள். பத்து மணிக்கு மேல் ஐஸ் போட்டுக் கொடுப்பதை வாங்காதீர்கள். புளிப்பை மறைக்கவும் தண்ணீர் கலந்ததை மறைக்கவும் ஐஸைப் போல் வசதி வேறில்லை. பனையோலைப் பட்டையில் ஊற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். நுங்கைச் சீவிப் போட்டுக் குடித்தால் அதுவே காலைச் சாப்பாடு ஆகிவிடும்.

பதநீர் காலம் இல்லையென்றால் கருப்பட்டிக் காபி. உடன்குடிக் கருப்பட்டி இங்கிருந்து தெற்கே சிறிது தூரத்தில்தான் காய்ச்சப்படுகிறது. கருப்பட்டிக் காபியில் பால் ஏன் இல்லை என்று கடையில் சிலர் சண்டை பிடிப்பதுண்டு. கொதிக்கும் பாலில் கருப்பட்டியைப் போட்டால் பால் திரிந்துவிடும், அதுதான் காரணம். வீட்டில் பால் சேர்த்துக் குடிக்க வேண்டுமானால், கருப்பட்டியைத் தனியே கரைத்து வடிகட்டி, அடுப்பை அணைத்து, சற்று ஆறிய பாலில் கடைசியாகச் சேருங்கள். வடிகட்டுவதை விட்டுவிடாதீர்கள், அடியில் மணலும் ஓலைத் தூசும் கட்டாயம் இருக்கும். வாங்கும்போது ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே மங்கலான பழுப்பாக, சிரட்டை வடிவம் ஒழுங்கில்லாமல் இருந்தால் நம்பலாம். உடைத்த இடம் சீனிபோல் மினுங்கினால் சீனி கலந்தது என்று பொருள்.

ஞாயிறு விடியற்காலையை உப்பளத்துக்கு ஒதுக்குங்கள். குஜராத்துக்கு அடுத்தபடியாக இந்தியாவில் அதிக உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும் பங்கு இந்த மாவட்டத்தில். முள்ளக்காடு பக்கமும் தருவைகுளம் பக்கமும் சாலையோரத்திலேயே பாத்திகள் தெரியும். கடல் தண்ணீரின் அடர்த்தி போமே மீட்டரில் ஏறக்குறைய மூன்றரைப் பாகை காட்டும். அதைப் பாத்தி மாற்றிப் பாத்தி வெயிலில் வற்றவிட்டு, 25 பாகைக்குக் கொண்டுவந்தால் உப்பு படியத் தொடங்கும். 29, 30 பாகையைத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படியும், உப்பு கசக்கும், ஈரம் இழுக்கும். எப்போது தண்ணீரைத் திறந்துவிடுவது என்பதில்தான் அளத்துக்காரரின் அனுபவம் தெரியும். பாத்தியின் வரப்பில் காலணியோடு ஏறாதீர்கள். வரப்பு இடிந்தால் அடர்த்தி கலந்து நாள் கணக்கான வேலை கெடும், அடியில் மண் கலந்த உப்பு விலை போகாது. கேட்டுவிட்டு இறங்குங்கள், வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அந்த வெண்மையில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்கிறது என்பது அங்கே ஆண்டுக்கணக்கில் நிற்கிறவர்களின் உண்மையான குறை. ஏழு மணிக்குள் பார்த்து முடித்துவிடுவது உங்கள் கண்ணுக்கும் நல்லது.

சனிக்கிழமை பத்து மணியில் இருந்து மத்தியானம் வரை பீச் ரோட்டில் நடப்பதற்கான நேரம். ஊரின் வரலாறு முழுவதும் அந்த ஒரு சாலையில் இருக்கிறது. முத்துக் குளித்த பரதவர்களுக்குப் பாதுகாப்புத் தருகிறோம் என்று போர்த்துக்கீசியர் நுழைந்தது 1530-களில். பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தது 1542-ல். டச்சுக்காரர் பிடித்தது 1658-ல். ஆங்கிலேயர் கைக்கு நிலையாகப் போனது 1825-ல். பனிமய மாதாவின் சுரூபம் 1555-ல் மணிலாவில் இருந்து 'சாந்தா ஹெலேனா' கப்பலில் வந்தது என்று ஆலய வரலாறு சொல்கிறது. இப்போது நிற்கும் ஆலயம் 1713-ல் அர்ச்சிக்கப்பட்டது. 1982-ல் பேராலயம் ஆனது. வெளியே வெள்ளையும் நீலமும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் உள்ளே கொஞ்ச நேரம் உட்காருங்கள். மாதாவுக்குச் சேலை கட்டியிருப்பதும், நேர்ச்சை வைக்க வரும் கூட்டத்தில் எல்லா மதத்தாரும் இருப்பதும், தேரோட்டம் நடப்பதும் இந்த ஊர் தனக்கு வந்ததையெல்லாம் எப்படித் தன்னுடையதாக ஆக்கிக்கொள்கிறது என்பதைக் காட்டும். சாப்பாட்டிலும் அதேதான் நடந்திருக்கிறது. ஜூலை 26-ல் கொடியேறி ஆகஸ்ட் 5-ல் திருவிழா முடியும். அந்த நாட்களில் முன்பதிவு இல்லாமல் அறை கிடைக்காது. தங்கத்தேர் ஆண்டுதோறும் ஓடுவதில்லை, 2023-ல் ஓடியது.

அதே கரையில் டச்சுக்காரர் 1750-ல் கட்டிய திரித்துவ ஆலயம் இருக்கிறது. சிறிய கட்டடம், பத்து நிமிடம் போதும். உள்ளூருக்குள் சங்கரராமேசுவரர் கோயிலும் வைகுண்டபதிப் பெருமாள் கோயிலும். நடை பகலில் சாத்திவிடுவார்கள் என்பதால் அதை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பீச் ரோட்டில் அதிகம் நிற்க வேண்டிய இடம் பழைய துறைமுகத்துக்கு எதிரே. உள்ளே அனுமதி இல்லாமல் விடமாட்டார்கள். சாலையில் இருந்தே மரத் தோணிகளின் பாய்மரங்கள் தெரியும். மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிப் போகும் தோணிகள் அவை. தென்மேற்குக் காற்று மாதங்களில் கடல் கொந்தளிப்பாக இருக்கும், தோணிகள் கரையிலேயே கட்டிக் கிடக்கும், பழுது பார்ப்பார்கள். வ.உ.சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் கம்பெனி 1906 அக்டோபர் 16-ல் பதிவானது. பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு, மூலதனம் 10 லட்சம். 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் 1907-ல் வந்தன. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாக ஏற்றி, குடையும் கொடுத்து ஆள் பிடித்தது. அதே வ.உ.சி. 1908 பிப்ரவரி 27-ல் கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தோடு நின்றார். ஒன்பதே நாளில் கூலி உயர்வையும் வார விடுமுறையையும் வாங்கிக் கொடுத்தார்கள். மார்ச் 12-ல் அவர் கைது. 1911-ல் கம்பெனியும் கலைக்கப்பட்டது. இவ்வளவும் நடந்த இடத்தில் விவரமான பலகைகூட இல்லை என்பது இந்த ஊர் மேல் வைக்க வேண்டிய பெரிய குறை. பெரிய துறைமுகத்துக்கு 2011-ல் அவர் பெயர் வைத்தார்கள், நல்லது. வெளியூரில் இருந்து வருகிறவர் நடந்து பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு வரைபடமாவது வைக்கலாம். அதுவரை, இந்தத் தேதிகளைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

முத்து வாங்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே முத்துச் சிலாபம், அதாவது கடலில் மூழ்கி முத்தெடுக்கும் பருவம், கடைசியாக நடந்தது 1961-ல். கடையில் 'தூத்துக்குடி முத்து' என்று விற்பவை வளர்ப்பு முத்துகள், பெரும்பாலும் வெளியில் இருந்து வருபவை. வளர்ப்பு முத்தை இந்தியாவில் முதன்முதலில் உருவாக்கியதும் இதே ஊரில், 1973-ல், மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கூடத்தில்தான் என்பது வேறு பெருமை. பல்லில் உரசிப் பார்த்து நறநறத்தால் போலி இல்லை என்று மட்டும் தெரியும்; இயற்கையா வளர்ப்பா என்பதை எக்ஸ்ரே பார்த்துத்தான் சொல்ல முடியும். சங்கு தாராளமாக வாங்கலாம். இந்தக் கரையில் சங்குகுளிப்பவர்கள் எடுக்கும் சங்குதான் வங்காளத்தில் வளையல் ஆகிறது. பவளப்பாறைத் துண்டு, கடல்குதிரை இவற்றை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி வைத்திருப்பதே குற்றம்.

மத்தியானச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு. ஒரு மணிக்கு மேல் நல்ல துண்டுகள் போய்விடும், இரண்டரைக்கு மேல் குழம்பு மட்டும் மிஞ்சும். முதலில் மீன் பெயர்களைச் சரிசெய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் கேட்டது ஒன்று, தட்டில் வந்தது வேறொன்று என்று ஆகிவிடும். சென்னையில் வஞ்சிரம் என்பது இங்கே சீலா. சென்னையில் ஷீலா என்பது இங்கே ஊளி. மத்தி இங்கே சாளை. விலைப்பட்டியலில் சீலா மற்றவற்றைவிட இரண்டு மடங்கு இருப்பதைப் பார்த்து ஏமாற்றுகிறார்கள் என்று எண்ண வேண்டாம்; அது வஞ்சிரம்தான்.

வறுவலுக்குச் சீலாவைத் தேடி ஓடுவது வெளியூர்ப் பழக்கம். இந்தக் கடலின் ருசி தெரிய வேண்டுமானால் விளைமீன் வாங்குங்கள். சதை வெள்ளையாக, நாராகாமல், ஏடு ஏடாகப் பிரியும். குழம்புக்கு ஊளியும் பாறையும் தாங்கும். சாளையைப் பொரித்துத்தான் சாப்பிட வேண்டும், அதுவும் சட்டியில் இருந்து இறங்கிய ஐந்து நிமிடத்துக்குள். ஆறினால் எண்ணெயும் கவிச்சும் மேலே வந்துவிடும். இங்கத்திய குழம்பில் தேங்காயும் சீரகமும் சின்ன வெங்காயமும் அரைத்து ஊற்றுவார்கள், காலத்தில் மாங்காய் போடுவார்கள். சென்னைக் குழம்பைவிட வெளிர் நிறமாக, புளி அடங்கி இருக்கும். மேலே சிவப்பு எண்ணெய் மிதந்து, காரம் நெற்றியில் அறைகிற குழம்பு வந்தால் அந்தக் கடை வெளியூர்க்காரர்களுக்காகச் சமைக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வறுவலைத் தட்டில் பார்க்கும் முன் துண்டைக் காட்டச் சொல்லுங்கள். சின்ன மெஸ்களில் இதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. மசாலா கெட்டியாகப் பூசி ஊறவைத்திருந்தால் மீன் பழசு என்பதை மறைக்க அது உதவும். நல்ல மீனுக்கு மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு போதும்.

சாப்பிட்டபின் ஐந்து மணி வரை ஊரில் பார்க்க ஒன்றும் இல்லை, வெயில் தாங்காது. வண்டி இருந்தால் ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த இல்லத்தையும், அதை அடுத்துப் பாஞ்சாலங்குறிச்சியையும் பார்த்து வரலாம். பழைய கோட்டையை ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிவிட்டார்கள். இப்போதுள்ளது 1974-ல் எழுப்பிய நினைவுக் கோட்டை. கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16-ல் தூக்கிலிடப்பட்டது கயத்தாற்றில், அது வேறு திசை. இரண்டையும் ஒரே மத்தியானத்தில் அடக்கப் பார்த்தால் மாலை மக்ரூன் போய்விடும்.

மக்ரூன்தான் இந்த ஊரின் கையெழுத்து. முந்திரி, சீனி, முட்டை வெள்ளைக்கரு என்று மூன்றே பொருள். முந்திரியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர். ஐரோப்பாவில் பாதாம் போட்டுச் செய்யும் பண்டம் இங்கே முந்திரிக்கு மாறியிருக்கிறது. மாவு இல்லை, வெண்ணெய் இல்லை, நிறமும் மணமும் சேர்ப்பதில்லை. அதனால் தப்பு நடந்தால் மறைக்க இடமே இல்லை. வெள்ளைக்கருவை நுரை கம்பியாக நிற்கும்வரை அடித்து, சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கடைசியில் முந்திரிப் பொடியைக் கிளறாமல் மடித்துச் சேர்ப்பார்கள். மஞ்சள்கரு ஒரு சொட்டு விழுந்தாலும், பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை எழும்பாது. முந்திரியை மிக்ஸியில் அளவுக்கு மீறி ஓட்டினால் எண்ணெய் விட்டுவிடும், கலந்த உடனே நுரை அமுங்கிவிடும். பிறகு கூம்பாகப் பிழிந்து, மிக மெல்லிய சூட்டில் நெடுநேரம் வைப்பார்கள். பழைய முறையில், ரொட்டியெல்லாம் வெந்து முடிந்தபின் விறகு அடுப்பில் மிஞ்சியிருக்கும் சூட்டிலேயே இரவு முழுக்க விட்டுவிடுவார்கள். வேகுகிறது என்பதைவிட உலர்கிறது என்பதே பொருந்தும்.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு அளவு: மூன்று முட்டையின் வெள்ளைக்கரு, 200 கிராம் பொடித்த சீனி, 200 கிராம் கொரகொரப்பான முந்திரிப் பொடி. 100, 110 டிகிரியில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். வெந்ததும் வெளியே எடுக்காமல் அடுப்பை அணைத்து உள்ளேயே ஆறவிட வேண்டும். 150 டிகிரியில் அவசரப்பட்டால் மேலே பழுத்து உள்ளே பிசுபிசுக்கும்.

கடையில் பார்க்க வேண்டியதும் இதேதான். நுனி கூராக நிற்க வேண்டும். நிறம் வெள்ளையும் சந்தனமும் கலந்த மாதிரி. பழுப்பு ஏறியிருந்தால் சூடு அதிகம். கையில் எடுத்தால் எடையே தெரியக் கூடாது. கடித்தால் 'கரக்' என்று உடைந்து, இரண்டாவது கடிக்குள் கரைந்து, கடைசியில் முந்திரித் துகள் மட்டும் நாக்கில் நிற்க வேண்டும். பல்லில் ஒட்டினால் ஒன்று வேகவில்லை, அல்லது காற்றுப் பட்டுவிட்டது. இந்த ஊரின் கடற்காற்றில் திறந்து வைத்த மக்ரூன் ஒரு பொழுதில் தளர்ந்துவிடும். அதனால் கண்ணாடி டப்பாவை அடிக்கடி திறந்து மூடும் கடையின் உதிரி மக்ரூனைவிட, ஒட்டிய பாக்கெட் மேல். முதலில் 100 கிராம் வாங்கிக் கடை வாசலிலேயே உடைத்துப் பாருங்கள், பிறகு ஊருக்கு வாங்குங்கள். பெயர் பெற்ற பழைய பேக்கரிகள் பலவற்றிலும் தரம் கிட்டத்தட்ட ஒன்றுதான்; சாக்லேட், ஸ்ட்ராபெரி என்று கலந்து விற்பவற்றைத் தாண்டிப் போய்விடலாம். முட்டை சாப்பிடாதவர்களுக்கு இது ஆகாது என்பதை வாங்கிக் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள். பலருக்கு இது முந்திரிக் கேக் போல ஒன்று என்ற எண்ணம் இருக்கிறது.

ஏழரை மணிக்குப் பரோட்டா. இரவில் மட்டும் திறக்கும் பரோட்டாக் கடைக்கு இந்த ஊரில் 'நைட் கிளப்' என்று பெயர். பலகையில் அப்படி எழுதியிருப்பதைப் பார்த்துக் குடும்பத்தோடு வந்தவர்கள் தயங்க வேண்டாம். பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடும் கடைகள்தான். பர்மா அரிசி வரத்து 1942-ல் நின்று அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது தமிழ்நாட்டில் கோதுமைப் பண்டங்கள் பரவின. கொழும்போடு இருந்த கப்பல் போக்குவரத்தையும் சேர்த்துத்தான் இங்கே பரோட்டாவின் கதையைச் சொல்வார்கள்.

இங்கே கேட்க வேண்டியது பொரிச்ச பரோட்டா. சாதாவைவிடச் சின்னது. கல்லில் இரு புறமும் வெந்தபின், கல்லின் குழிவில் தேங்கி நிற்கும் எண்ணெயில் தள்ளிப் பொரிப்பார்கள். மாஸ்டர் நாலைந்தைச் சேர்த்து அடுக்கி, இரு கையாலும் பக்கவாட்டில் ஓங்கித் தட்டுவதைப் பாருங்கள். அந்தத் தட்டில்தான் அடுக்குகள் விடுகின்றன. எண்ணெய் காய்வதற்கு முன் விழுந்த முதல் ஈடு எண்ணெய் குடித்துக் கனக்கும். ஏழு மணிக்கு முன் போய் உட்கார வேண்டாம் என்பது இதனால்தான். பத்து மணிக்கு மேல் மாவு அதிகம் புளித்து, கல்லும் களைத்திருக்கும். ஏழரையில் இருந்து ஒன்பதுக்குள் சாப்பிடுவது சிறந்தது.

ஒருவருக்கு நான்கு போதும். முதல் விள்ளலைச் சால்னா தொடாமல் சாப்பிட்டு மொறுமொறுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பிய்த்துப் போட்டு, சால்னாவை மேலே ஊற்றி, ஒரு நிமிடம் விடுங்கள். வெளி அடுக்கு ஊறி, உள் அடுக்கு இன்னும் மொறுமொறுவென்று இருக்கும் அந்த இடைவெளிதான் இந்தப் பண்டத்தின் முழு ருசியும். ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் கூழாகிவிடும். தொடுகறிக்கு மட்டன் சுக்கா அல்லது பிச்சுப் போட்ட கோழி, கூட ஒரு கலக்கி. கிரேவி வகைகள் வேண்டாம், சால்னாவே போதிய ஈரம். சைவம் என்றால் ஆம்லெட்டைத் தவிர்த்தால் போதாது. சால்னா கறி வெந்த தண்ணீரில்தான் செய்யப்படுகிறது, கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்ததும் ஒரு பன்னீர் சோடா குடியுங்கள்.

தூக்கம் வரும், ஆனால் அறைக்குப் போய்விடாதீர்கள். இங்கே விசைப்படகுகள் விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் இரவு ஒன்பது மணிக்குள் திரும்புவது வழக்கம். மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் இரவில்தான் நடக்கும். ஐஸ் உடைக்கும் சத்தத்துக்கு நடுவே, சிமெண்டுத் தரையில் குவியலாகக் கொட்டி, ஏலம் கூறுகிறவர் விலையை ஒரே மூச்சில் ஏற்றிக்கொண்டு போவார். புதியவருக்கு எந்த எண்ணில் முடிந்தது என்றே பிடிபடாது. தரை முழுக்கத் தண்ணீரும் செதிலும் என்பதால் ரப்பர் செருப்போடு போங்கள், கூடை சுமக்கிறவர்களின் வழியில் நிற்காதீர்கள். சில்லறைக்கு வாங்க ஏலத்தில் புகுந்து பயனில்லை. ஏலம் எடுத்தவர்களிடம் வெளியே வந்து பேசுங்கள். செவுளைத் தூக்கிப் பார்த்தால் ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், கண் பிதுங்கித் தெளிவாக இருக்க வேண்டும். இறாலில் தலை ஆடக் கூடாது. கணவாயின் தோலில் செம்புள்ளிகள் தெரிய வேண்டும். வெளுத்துப் பாலாக இருந்தால் நேற்றையது.

ஊருக்குக் கொண்டுபோக நெத்திலிக் கருவாடும், சூரை மீனை அவித்துக் காயவைத்த மாசியும் வாங்கலாம். கருவாட்டை வளைத்துப் பாருங்கள். மடங்கினால் ஈரம் இருக்கிறது, வழியிலேயே பூசணம் பிடிக்கும், ஒடிந்தால் வாங்குங்கள். மாசி கட்டையாக, ஒன்றோடொன்று தட்டினால் மரம்போல் ஒலிக்க வேண்டும். இரண்டு சுற்று நாளிதழ், அதன் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் பை. மக்ரூனுக்குக் காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பா, பையின் உச்சியில். இரண்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள். மக்ரூன் வாசனையை எளிதில் இழுத்துக்கொள்ளும், எழும்பூர் வருவதற்குள் கெட்டுவிடும்.